ஜீரோ போட மறுத்த பிளாங்க் சார்

ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்து ரத்தக்கொதிப்பு ஏறிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் மைசூரில், எங்கள் ஆபீஸில், எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊதுபத்திக் கம்பெனி. பெயர் சொல்ல மாட்டேன்; எனக்குச் சம்பளம் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது.

ரிப்போர்ட் தயாரிப்பது எங்கள் வேலை. ஊர் ஊராக இருக்கும் டெப்போக்காரர்கள் அன்றன்றைய விற்பனையை எக்ஸெல் ஃபைலில் போட்டு வைப்பார்கள். ஒரு சாஃப்ட்வேர் அதையெல்லாம் தானே இழுத்துக்கொண்டு வந்து, ஜி.எம். அறையின் பெரிய டிவியில் டேஷ்போர்டு என்று கலர் கலராகக் காட்டும். எந்த ஊர் எண்ணாவது வராமல் போனால் அந்தக் கட்டம் காலியாக நிற்கும். நாங்களெல்லாம் பிழைக்கத் தெரிந்தவர்கள். அதில் ஒரு ஜீரோவைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். இவர் மட்டும் போட மாட்டார்.

"வியாபாரம் ஆகலைன்னா ஜீரோ. ஆச்சா ஆகலையான்னு நமக்கே தெரியலைன்னா காலி. ரெண்டும் ஒண்ணா?" என்பார்.

ஆபீஸோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. கேன்டீனில் சட்னி இல்லை என்றால், தீர்ந்துவிட்டதா, இன்னும் அரைக்கவே இல்லையா என்று உள்ளே போய் விசாரிப்பார். கல்யாண விஷயத்திலும் இதே கூத்து. ஒரு பெண் வீட்டிலிருந்து பதில் வரவில்லை. பதில் வரவில்லை என்றால் வேண்டாம் என்று அர்த்தமில்லை என்று சொல்லிக் காத்திருந்தார். அந்தப் பெண்ணின் குழந்தைக்குக் காதுகுத்து என்று பத்திரிகை வந்த பிறகுதான், இனி ஜீரோ போடலாம் என்று மனசு வந்தது. தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர நான் என்ன செய்ய முடியும்?

பிளாங்க் என்ற பெயர் வந்தது ஸ்ரீரங்கப்பட்டணத்தால். அங்கே புது டெப்போ திறந்தபோது, அதன் பெயரை சாஃப்ட்வேரில் சேர்க்க எல்லோரும் மறந்துவிட்டோம். எந்த ஊருடையது என்று தெரியாத விற்பனைக்கு அந்த சாஃப்ட்வேர் தானாகவே 'பிளாங்க்' என்று பெயர் வைக்கும். தசரா சமயம் வேறு, ஊதுபத்தி பிய்த்துக்கொண்டு போனது. டிவியில் பிளாங்க் முதலிடம். ஜி.எம். கைதட்டினார். இந்த பிளாங்க் டெப்போவைப் பார்த்துக்கொள்வது யார், அவரை வரச்சொல்லுங்கள், சால்வை போட வேண்டும் என்றார். இவர்தான் எழுந்து, அப்படி ஓர் ஊரே கிடையாது சார் என்றார். சால்வை கேன்சல் ஆனது, பெயர் மட்டும் இவர்மேல் ஒட்டிக்கொண்டது.

இந்த லட்சணத்தில்தான் ராமாபுரம் வந்தது. ஹனூர் தாலுகாவில் தமிழ் பேசும் நம் ஆட்கள் நிறைய இருக்கிற ஊர். டெப்போவைப் பார்த்துக்கொண்டவர் பொன்னுத்தாயி. பழைய நாட்களில் அவர் போனில் விற்பனையைச் சொல்வார், நான் ஏற்றிக்கொள்வேன், ஒரு தகராறும் இருந்ததில்லை. புது சாஃப்ட்வேர் வந்ததிலிருந்து ராமாபுரம் கட்டம் காலி. பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன ஜி.எம்., வியாபாரமே இல்லாத டெப்போ எதற்கு, திங்கட்கிழமை மீட்டிங்கில் மூடிவிடலாம் என்று முடிவு கட்டிவிட்டார். மூடினால் பொன்னுத்தாயிக்கு வேலை போகும். மாமியாரின் மருந்து, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்த வேலையை நம்பித்தான் இருந்தன.

வாராவாரம் லாரியில் ராமாபுரத்துக்குப் போகிற ஊதுபத்தியை அந்தம்மா தானே கொளுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா என்று பிளாங்க் சார் கேட்டார்.

"டேஷ்போர்டு பொய் சொல்லாது ரீ. ஜீரோ போட்டு முடிங்க" என்று கன்னட மரியாதையோடு மடக்கினார் ஜி.எம்.

இவர் போடவில்லை. போன் செய்தால், தினமும் தவறாமல் ஏற்றுகிறேன் என்று அழாத குறையாகச் சொல்கிறார் பொன்னுத்தாயி. சரி, அவருடைய ஃபைலைத் திறந்து பார்த்துவிடலாம் என்றால் ஐ.டி. பிரிவில் டிக்கெட் என்ற விண்ணப்பம் போட வேண்டும். அவர்கள் மேலே அனுப்பி, மேலே இருப்பவர் லீவிலிருந்து வந்து அனுமதி கொடுப்பதற்குள் அங்கே டெப்போவே இருக்காது. அதைவிட பஸ் வேகம் என்று முடிவு செய்தார் பிளாங்க் சார். சனிக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "பேக, சீக்கிரம் கிளம்பு குரு, ராமாபுரம் போறோம்" என்றார். மைசூரில் நண்பனைக் கூப்பிடுவது குரு என்றுதான். என் வார லீவு அத்தோடு போயிற்று.

கொள்ளேகால், ஹனூர் என்று குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தோம். எங்களைப் பார்த்ததும் பொன்னுத்தாயிக்கு முகம் வெளுத்துவிட்டது. பூட்டுப் போட வந்துவிட்டார்கள் என்றே நினைத்திருப்பார். எங்களைக் கண்டுகொள்ள வேண்டாம், தினம் செய்வதை அப்படியே செய்யுங்கள் என்றார் பிளாங்க் சார். பொன்னுத்தாயி கீபோர்டைத் துணியால் துடைத்தார். புது ஃபைலைத் திறந்தார். கண்ணை மூடிக் கும்பிட்டார். முதல் வரியில், முதல் கட்டத்தில், பளிச்சென்று 'உ' என்று அடித்தார். அதற்குக் கீழ் வரியில் தலைப்புகள், அதற்கும் கீழே விற்பனை எண்கள். ஒரு தப்பு கிடையாது.

சாஃப்ட்வேருக்கு முதல் வரிதான் தலைப்பு. விற்பனை என்ற தலைப்பை அது அங்கே தேடும். அங்கே பிள்ளையார் சுழி உட்கார்ந்திருந்தால் பாவம், அது என்ன செய்யும்? தலைப்பைக் காணோம் என்று வெறுங்கையோடு திரும்பி வந்துவிடும்.

"இது தினமும் போடுவீங்களாம்மா?"

"சுழி போடாம எப்படீங்க சார் கணக்கு ஆரம்பிக்கறது? உங்க மைசூர்ல போட மாட்டீங்களா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிளாங்க் சார் என் காலை நன்றாக மிதித்தார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. ஒன்றும் ஆகாதும்மா, நீங்கள் பாட்டுக்கு வேலையைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

அங்கிருந்து நகலெடுத்து வந்த ஃபைல்களை, சுழி வரியை மட்டும் தள்ளிவிட்டு, பிளாங்க் சார் தன் கையாலேயே ஏற்றினார்; திங்கட்கிழமை டிவியில் ராமாபுரத்தின் எண்கள் வந்தன. முதலிடமெல்லாம் இல்லை, நடுவில் மரியாதையாக நின்றது. டெப்போ தப்பித்தது. இதைத்தான் நானும் முதலிலேயே சந்தேகப்பட்டேன் என்றார் ஜி.எம். அடுத்த மூச்சில், கம்பெனி ஃபைலில் யாரும் சாமி சமாசாரம் எதுவும் அடிக்கக் கூடாது, அந்தம்மாவை உடனே நிறுத்தச் சொல்லுங்கள் என்று உத்தரவு போட்டார்.

"அவங்க எதுக்கு சார் நிறுத்தணும்? மிஷின்தானே, அது கத்துக்கட்டும்" என்றார் பிளாங்க் சார்.

உட்கார்ந்து, ராமாபுரம் ஃபைலுக்கு மட்டும் முதல் வரியைத் தாண்டிப் படி என்று சாஃப்ட்வேரில் ஒரு விதி போட்டார். விதி போட்டால் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். 'முதல் வரி பிள்ளையாருக்கு' என்று எழுதினார்.

அவர் இப்போது பெங்களூருக்குப் போய்விட்டார். புதிதாகச் சேருகிற ஒவ்வொருத்தரும் இந்த விதி எதற்கு சார், எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். கையை வைத்தால் ஒடித்துவிடுவேன் என்கிறேன். ராமாபுரத்தின் எண் தினமும் ஒழுங்காக வந்து நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், அந்த மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து என் உயிரை எடுக்கக்கூடாதா என்று ஏக்கமாக இருக்கிறது.