ஆரோக்கியம் சாரின் கேசட்

நான் ஒரு திருடன் என்பது முக்கொம்பில் வைத்துத்தான் எனக்கே தெரிந்தது. அதுவும் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, மொத்த ஆபீஸின் முன்னிலையில்.

எண்பதுகளின் நடுப்பகுதி. வேலை திருச்சியில், வீடு ஸ்ரீரங்கத்தில். என் பக்கத்து மேஜைக்காரரான ஆரோக்கியம் சார் மாதாகோவில் பாடகர் குழுவை நடத்துபவர். காவிரியைப் பற்றித் தானே பாட்டெழுதி, மெட்டமைத்து, லீவு போட்டு மெட்ராஸ் போய்ப் பாடி, ஒரு கேசட் கொண்டுவந்தார். இது விற்றால்தான் இரண்டாவது என்று கேசட் கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். ஆபீஸில் முதல் ஆளாக வாங்கியவன் நான். (அந்தப் பெருமையை இன்றும் விடுவதாயில்லை.)

பாட்டுகள் அருமை. அருமையானதை நாலு பேருக்குக் கொடுக்க வேண்டாமா? மச்சானின் டேப்ரிக்கார்டரை இரவல் வாங்கி, என்னுடையதற்கு எதிரே வைத்தேன். ஒன்று பாட, மற்றது பதிவு செய்தது. முடியும்வரை வீட்டில் யாரும் தும்மக்கூடாது என்று சட்டமும் போட்டேன்.

பிரதியைக் கேஷியர் சுந்தரத்திடம் கொடுத்தேன். அவர் அதிலிருந்து இன்னொரு பிரதி எடுத்து டைப்பிஸ்டுக்குக் கொடுத்தார். டைப்பிஸ்ட் இன்னும் மூன்று பேருக்கு. இரண்டே மாதத்தில் ஆபீஸே அந்தப் பாட்டுகளை முணுமுணுத்தது. சாரின் புகழைப் பரப்பிய மகானாக என்னை நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் குடும்பத்தோடு எல்லோரும் முக்கொம்புக்குப் பிக்னிக் போனோம். ஆரோக்கியம் சார் பை நிறையக் கேசட்டோடு வந்திருந்தார்.

"யாருக்காவது வேணும்னா சொல்லுங்க," என்றார், கூச்சத்தோடு.

"எங்கிட்ட இருக்கு சார்!"

"எங்க வீட்லயும் இருக்கு. பிள்ளைங்க தினமும் போடுதுங்க!"

சாரின் முகம் மலர்ந்தது. பிறகு குழம்பியது. "நம்ம ஆபீஸ்ல இந்தத் தம்பி ஒருத்தர்தானே வாங்கினாரு?"

அந்த நேரம் பார்த்து சுந்தரம், தான் கொண்டுவந்திருந்த டேப்ரிக்கார்டரில் நான் கொடுத்த பிரதியைப் போட்டுத் தட்டிவிட்டார். டேப்பில் சார் உருகி உருகிப் பாடினார். காவிரி நுரைத்து வரும் இடத்தில், என் மனைவி கமலாவின் குரல் கணீரென்று கேட்டது:

"ஏங்க, பால் பொங்குது! காப்பி எடுத்தது போதும், அடுப்ப அணைங்க!"

(அன்று ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். டேப்பை அணைக்கத் தோன்றவில்லை.)

இரண்டு மாதமாகக் கேட்ட குரலின் சொந்தக்காரி யாரென்று தெரிந்ததும் ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. கமலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சார் மட்டும் சிரிக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மாறாக, வக்கீலானேன்.

"சார், நான் எதையும் எடுத்துடலையே. உங்க கேசட்டெல்லாம் உங்ககிட்டயே பத்திரமா இருக்கே!"

அவர் பையைப் பார்த்தார். "ஆமா தம்பி," என்றார். "எல்லாம் எங்கிட்டயேதான் இருக்கு."

பிரித்த புளியோதரைப் பொட்டலத்தை மறுபடியும் கட்டி வைத்தேன்.

மறுநாள் அவர் வழக்கம்போல வணக்கம் சொன்னார். ஆனால் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டே ஃபைல் பார்க்கும் பழக்கம் அவரை விட்டுப் போய்விட்டது. மனசு கேட்காமல், பையில் இருந்த கேசட்டுகள் அத்தனையையும் நானே வாங்கினேன். அவர் வேண்டாமென்றும் சொல்லவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. இரண்டாவது கேசட்டுக்காக எழுதி வைத்திருந்த பாட்டுகள் என்னவாயின என்று, அவர் ரிட்டயர் ஆகும் நாளில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "மறந்துபோச்சு தம்பி," என்றார்.

வாங்கிய கேசட்டுகளை என்ன செய்வது? பல வருஷம் சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கெல்லாம் அதையே பரிசாகக் கொடுத்தேன். இன்றும் நான் வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினால் மகள் கேட்பாள்: "அப்பா, மொய்க் கவரா, கேசட்டா?"

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். வராமல் போன கேசட்டைப் பற்றி அவளிடம் நான் இதுவரை சொன்னதில்லை.