நான்கு பலகைகளும் ஒரு பாலமும்

ஆவனநாடு என்று ஒரு ராஜ்யம் இருந்தது. எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள், வரைபடத்தில் அதைக் குறிக்க வேண்டியவர் இன்னும் நியமிக்கப்படவில்லை. நடுவில் கூனாறு ஓடியது. இந்தக் கரையில் அரண்மனையும் ஊரும். அந்தக் கரையில் ஆஸ்பத்திரியும் சிறைச்சாலையும். நோயாளியும் கைதியும் மன்னர் சாந்தவர்மரின் கண்ணில் படக் கூடாது என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. இரண்டு கரைக்கும் நடுவே ஒரு மரப்பாலம் இருந்தது.

அந்த நாட்டை ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் ஆண்டார்கள். போகும்போது உயரமான நாற்காலிகளையும் ஓர் ஆங்கில இலக்கணப் புத்தகத்தையும் விட்டுவிட்டுப் போனார்கள். நாற்காலிகளில் மந்திரிகள் உட்கார்ந்தார்கள். புத்தகத்தைச் சொல்லமைச்சர் விருத்தகிரி எடுத்துக்கொண்டார். படித்தார். படித்து முடித்த அன்று அரசவையில் கண் கலங்கினார் என்று சொல்கிறார்கள்.

"மன்னா, ஆட்சி செய்வதற்கென்றே ஒரு மொழி உண்டாக்கியிருக்கிறார்கள். முன்னால் ஒரு நல்ல குணச்சொல். பின்னால் ஒரு வேலை. ஃபிட் டு பி ரிப்பேர்டு. லைக்லி டு பி ரிப்பேர்டு. ரெடி டு பி ரிப்பேர்டு. எவ்வளவு கம்பீரம் பாருங்கள். செய்கிறவன் எவன் என்ற பேச்சே வருவதில்லை."

"செய்கிறவன் இல்லாமல் வேலை எப்படி நடக்கும்?" என்று மன்னர் கேட்டார். அவர் அப்போது பதவிக்குப் புதிது.

"நடப்பது வேறு துறை, மன்னா. நம்முடையது அறிவிப்பு."

அன்றே சட்டம் பிறந்தது. குடிமக்கள் கொடுக்கும் எந்த மனுவுக்கும் ஏழு நாளில் பதில் கிடைத்தாக வேண்டும். பதில் என்றால் ஒரு பலகை. எதைப் பற்றி மனு கொடுத்தார்களோ அதன் மேலேயே பலகை அறையப்படும். கிணற்றைப் பற்றி என்றால் கிணற்றில், பள்ளிக்கூடத்தைப் பற்றி என்றால் பள்ளிக்கூடத்தில். சிக்கனம் கருதி, பலகைக்கு வேண்டிய மரமும் அந்தந்த இடத்திலேயே எடுத்துக்கொள்ளப்படும். இப்படி ஒரு சட்டத்தை யோசிக்கத் தனி மூளை வேண்டும், அது விருத்தகிரிக்கு இருந்தது.

கரையோரத்தில் பூவாத்தா மீன் விற்றுக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லை. ஒரே மகள் செல்லி, மாசமாக இருந்தாள். செல்லிக்கு ரத்தம் குறைவு, இடுப்பெலும்பும் குறுகல். பிரசவம் வீட்டில் வைத்துக்கொண்டால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து, ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஐந்தாம் மாதத்தில் ஆற்று வெள்ளத்தில் பாலத்தின் பலகை ஒன்று போய்விட்டது. காலை எட்டிப் போட்டால் தாண்டலாம். வயிற்றுப்பிள்ளைக்காரி எத்தனை நாளைக்கு எட்டிப் போடுவாள்? பூவாத்தா மனுக் கொடுத்தாள்.

சொன்னால் சொன்னபடி ஏழாம் நாள் பதில் வந்தது. பாலத்திலிருந்து இரண்டு பலகைகளைப் பெயர்த்து, ஒன்றாகச் சேர்த்து, பாலத்தின் முகப்பில் அறைந்திருந்தார்கள்: "இப்பாலம் சரிசெய்யப்படத் தகுதியானது." மேளம் வந்தது, சர்க்கரைப் பொங்கல் வந்தது. நம் ஊர்ப் பாலத்துக்கு இப்படி ஒரு தகுதி இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று ஊரே பூரித்தது. பொங்கலைத் தின்றுவிட்டுப் பார்த்தபோது மூன்று பலகை இடைவெளி இருந்தது.

பூவாத்தா இன்னொரு மனுக் கொடுத்தாள். "சரிசெய்யப்பட வாய்ப்புள்ளது" என்று இரண்டாம் பலகை வந்தது. மேலும் இரண்டு போயின. ஊர்க்காரர்கள் படகு விட்டார்கள். பாலம் இருக்கும் இடத்தில் படகு ஓட்டுவது பாலத்தை அவமதிப்பதாகும் என்று ஆணை பிறந்து, படகுகள் பறிமுதல் ஆயின. மூன்றாவது மனுவுக்கு "சரிசெய்யப்பட உரியது" என்று பதில் வந்தது. அப்போது செல்லிக்கு எட்டாம் மாதம். அடியில் ஓடும் இரண்டு உத்திரங்கள் தவிர நடுப்பாலத்தில் ஏழு பலகை அகலத்துக்கு ஒன்றுமில்லை, கீழே ஆறு சுழித்துக்கொண்டு போயிற்று.

பூவாத்தா மீன்கூடையைக் கீழே வைத்துவிட்டு நேராகச் சொல்லமைச்சரிடம் போனாள்.

"ஐயா, இனிமே பலகை வேணாங்க. ஆணி அடிக்க ஒரு ஆளு அனுப்புனா போதும். எம்புள்ள உசுரு ஐயா."

"அம்மணி, உங்கள் பாலம் வெகுவேகமாக முன்னேறி வருகிறது. தகுதியிலிருந்து வாய்ப்பு, வாய்ப்பிலிருந்து உரிமை. அண்டை நாட்டில் ஒரு பாலம் இருபது ஆண்டாகத் தகுதியிலேயே நிற்கிறது."

"அண்டை நாட்டுப் பாலத்துல எம்புள்ள நடக்கப் போறதில்லீங்களே. அந்தப் பலகையெல்லாம் மொகப்புல அறைஞ்சாரே ஒருத்தர், அவரக் கூப்புட்டு நடுவுல அறையச் சொல்லுங்க."

விருத்தகிரி கண்ணாடியைக் கழற்றினார். "ஒருத்தரா? யாரும் அறையவில்லை அம்மணி. அறையப்பட்டது."

"தானா வந்து ஒட்டிக்கிச்சா?"

"அரசு விஷயத்தில் ஆள் அம்பு என்று பேசுவது அநாகரிகம்" என்று சொல்லிவிட்டு அவர் மணி அடித்தார். அவள் ரொம்பவும் கேட்டதற்காக நான்காம் பலகையும் வந்தது. அதுதான் உச்சம்: "சரிசெய்யப்படத் தயாராக உள்ளது." மன்னரே வந்து ரிப்பன் வெட்டினார். இப்போது ஒன்பது பலகை இல்லை.

ஒரு காலை எட்டு மணிக்குச் செல்லிக்கு வலி கண்டது. நாள் இன்னும் பத்து இருந்தது, பிள்ளைக்கு அது தெரியுமா? பூவாத்தா பாலத்தடிக்கு ஓடினாள். ஆற்றைப் பார்த்தாள், முகப்பில் வரிசையாக நின்ற நான்கு பலகைகளைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் அவள் கண்ணுக்கு அவை வெறும் மரமாகத்தான் தெரிந்தன. பக்கத்துக் கடையில் கடப்பாரை வாங்கி ஒவ்வொன்றாய்ப் பெயர்த்தாள். முதல் பலகை விழுந்த சத்தத்தில் நாலு பேர் வந்தார்கள், இரண்டாவது விழுந்தபோது நாற்பது பேர். எல்லோரும் சேர்ந்து உத்திரத்தின் மேல் வைத்து அடித்தார்கள். அப்படியும் ஒரு பலகை குறைந்தது. தன் மீன்கடைப் பலகையைத் தூக்கி வந்து போட்டாள். தகுதியின் மேல் ஒரு கால், வாய்ப்பின் மேல் ஒரு கால் என்று செல்லி மீன்வாடையோடு அக்கரை சேர்ந்தாள். பதினொன்றரைக்குப் பெண்குழந்தை. இரண்டு உயிரும் பிழைத்தன.

பன்னிரண்டு மணிக்கு அரண்மனையில் ஒரு கேள்வி எழுந்தது. "யார் செய்தது?"

அந்த நாட்டில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏரி உடைந்தபோது கேட்கவில்லை, பள்ளிக்கூடம் இடிந்து விழுந்தபோதும் கேட்கவில்லை. இப்போது மட்டும் ஒரு மணி நேரத்தில் விடை கிடைத்துவிட்டது. அரசு அறிவிப்புகளை முகப்பிலிருந்து அகற்றி, காலால் மிதிக்கச் செய்த குற்றத்துக்கு, பேத்தியைப் பார்த்துவிட்டு இக்கரை திரும்பிய பூவாத்தாவுக்கு மூன்று மாதச் சிறை. நான்கு பலகைகளும் சாட்சிப் பொருளாகக் கைப்பற்றப்பட்டன. மீன்கடைப் பலகையையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள், பாவிகள்.

தீர்ப்பைப் படித்துக் காட்டினார்கள். கேட்டு முடித்தபோதும் பூவாத்தா தைரியமாகத்தான் இருந்தாள்.

"அப்போ நானும் அடைக்கப்படத் தகுதியானவ, அவ்வளவுதான?" என்று ஏட்டு மொக்கராசுவிடம் கேட்டாள். "நாலு பலகை வர்றதுக்குள்ள பேத்திக்குக் காது குத்திருவேன்."

மொக்கராசு நல்ல மனுஷன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "இல்ல பூவாத்தாக்கா. இதுல எம்பேரு போட்டுருக்கு. நாளைக்குக் காலம்பற பத்து மணிக்கு ஏட்டு மொக்கராசு ஒன்னயக் கொண்டுபோயி அடைக்கணும்னு எழுதிருக்கு. நேரங்கூடப் போட்டுட்டாங்க."

பூவாத்தா ஆற்றைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "செயிலு அக்கரையிலல்ல இருக்கு?" என்றாள்.

மொக்கராசு எழுந்து சொல்லமைச்சரிடம் ஓடினார். "ஐயா, பாலத்துல ஒம்போது பலகை இல்லீங்க. கைதியக் கூட்டிக்கிட்டுத் தாண்ட முடியாது. படகுக்கும் தடை."

விருத்தகிரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. குணச்சொல் எதையும் தேடவில்லை. தாளை எடுத்து எழுதினார்: "ஆசாரி வைரவன் இன்று மாலை நாலு மணிக்குள் பாலத்தைச் சரிசெய்வான்."

மூன்றரைக்கே முடிந்துவிட்டது. தேக்குப் பலகை, புது ஆணி, இரண்டு பக்கமும் கைப்பிடி வேறு.

மறுநாள் காலை பூவாத்தா பாலத்தில் நடந்தாள். ஒவ்வொரு பலகையிலும் நின்று குதிகாலால் ஊன்றிப் பார்த்தாள். "மெதுவாப் போவம் ஏட்டய்யா. ஆடுதான்னு பாத்துக்கிறேன். இந்த வழியாத்தான் எம்புள்ள பச்சப்புள்ளயத் தூக்கிட்டு வரணும்" என்றாள். ஆஸ்பத்திரி வாசலில் செல்லி குழந்தையோடு அழுதுகொண்டு நின்றாள். ஊர் ஜனம் இக்கரையில் நின்று பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் கீழத்தெருக்காரர்கள் பத்துப் பேர் மொக்கராசுவைத் தேடி வந்தார்கள். அவர்கள் தெருவில் பள்ளிக்கூடம் கூரை இல்லாமல் கிடந்தது, ஏழு பலகை வாங்கிய பள்ளிக்கூடம். வந்தவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

"ஏட்டய்யா, கைதியள ராத்தங்க வைக்க எங்க பள்ளிக்கூடம் தோதுப்படுமா? தோதுப்படும்னா சொல்லுங்க, என்ன குத்தம் பண்ணலாம்னு நாங்க கலந்து பேசிக்கிறோம்."