உதறாத தெர்மாமீட்டர்

மனைவி சொல்லும் காய்ச்சலை நம்புவதில்லை, கருவி சொல்வதை மட்டுமே நம்புவது. இந்த மகத்தான முடிவோடுதான் போன வருஷம் ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். நான் ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. ஆதாரம் இல்லாமல் எதையும் ஏற்பவனல்ல.

"தலை கனக்குதுங்க" என்பாள் சீதாலெட்சுமி. வாயில் வைத்துப் பார்ப்பேன்.

"வெறும் நூறு. எழுந்து உலை வை."

"நூறு டிகிரியில தண்ணி கொதிக்கும்னு பள்ளிக்கூடத்துல படிச்சேனே?"

"அது சென்டிகிரேடு. இது பாரன்ஹீட்டு. இதுல கொதிக்க இருநூத்திப் பன்னிரண்டு வேணும். உனக்கு இன்னும் நூத்திப் பன்னிரண்டு பாக்கி."

"ஒரே சூட்டுக்கு ரெண்டு அளவா? சரிதான். உங்களுக்குத் தொண்ணூத்தொன்பது வந்தப்ப உயில் எழுதணும்னீங்க. எனக்கு நூறுன்னா உலை வைக்கணும். ஆம்பளை டிகிரி வேற, பொம்பளை டிகிரி வேற!"

"கருவி பொய் சொல்லாது, சீதா."

"ஞாபகம் வெச்சுக்கறேன்."

வைத்துக்கொண்டாள். அங்கேதான் என் அழிவு ஆரம்பம்.

கிள்ளான் மாதர் சங்கத்தில் சனிக்கிழமை அவள் பேசுவதாக நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். ரப்பர் தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமாம். வேண்டட்டும்! ஆனால் அதே சனிக்கிழமை மத்தியானம் எங்கள் ஆபீஸ் கிரிக்கெட் இறுதி ஆட்டம். முதலில் மட்டை பிடிப்பவன் நான். ஆட்டம் முடிந்ததும் பதினோரு பேருக்கும் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டில் வடை என்று வாக்கும் கொடுத்திருந்தேன். சுடுகிறவளிடம் சொல்லத்தான் மறந்துவிட்டது. சொன்னபோது, "நோட்டீஸ்ல என் பேர் இருக்கு. வடை பேர் இல்லை" என்றாள்.

திட்டம் போட்டேன். காலையில் காய்ச்சல். கிள்ளானுக்குப் போகும் பதினொரு மணி ரயில் போனதும் காய்ச்சல் இறங்கும். அவள் உளுந்து ஊறப்போடுவாள், நான் மைதானம் போவேன்.

காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். தெர்மாமீட்டரைக் கொதிக்கும் காப்பியில் முக்கினால் பாதரசம் குழாயை உடைத்துவிடும். எனக்கா தெரியாது? விரல் பொறுக்கும் வரை ஆறவிட்டு முக்கினேன். நூற்று நான்கு! காலடிச் சத்தம் கேட்டதும் நாக்கடியில் செருகிக்கொண்டு முனகினேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நெற்றியைத் தொடக்கூட இல்லை.

"நூத்தி நாலு. கருவி பொய் சொல்லாது" என்றாள். உடனே பக்கத்து வீட்டு டோரிஸ் அக்காவைக் கூப்பிட்டு என்னை ஒப்படைத்தாள்.

"நீ... போகப்போறியா?"

"நான் பக்கத்துல உக்காந்து அழுதா பாதரசம் இறங்குமா? அக்காவுக்குக் கொய்னா மருந்து குடுக்கத் தெரியும்."

குடையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள்!

டோரிஸ் அக்கா ஈரத்துணி போட்டார். கொய்னா ஊற்றினார். கீர்த்தனை பாடினார். ஒரு மணிக்கு என்னால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, காய்ச்சல் விட்டுப்போச்சு. வேணும்னா பாருங்க."

வாயில் வைத்து எடுத்தார். "ஐயோ, அதே நூத்தி நாலு, தம்பி!"

"உதறிட்டு வைங்கக்கா! குழாய்க் கழுத்துல ஒரு இடுக்கு இருக்கு. ஏறின பாதரசம் தானா இறங்காது. உதறினாத்தான்..."

"பாவம், சீதா சொன்ன மாதிரியே ஆயிடுச்சு. 'ஜுரம் தலைக்கேறினா உதறு உதறுன்னு பிதற்றுவார், கண்ணாடிச் சாமான், கையில குடுத்துடாதீங்க'ன்னு சொல்லிட்டுத்தான் போச்சு. வாயைத் திறங்க."

இன்னொரு கொய்னா.

காப்பியில் முக்கினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் விடுதலை. எப்படிச் சொல்வது? இரண்டு மணிக்கும் நூற்று நான்கு. மூன்றுக்கும் நூற்று நான்கு. மைதானத்துக் கூச்சல் ஜன்னல் வழியே வந்தது. எனக்குப் பதில் ஆடிய அய்யாவு முட்டை எடுத்தானாம். தோற்றுப்போன பதினோரு பேரும் வடைக்கு வந்தார்கள். டோரிஸ் அக்கா எல்லோருக்கும் கஞ்சி ஊற்றினார்.

சாயங்காலம் சீதா கழுத்தில் மாலையோடு வந்தாள். டோரிஸ் அக்காவை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து கருவியை எடுத்தாள்.

"அடுத்த தடவை சீனி போடாத காப்பியில முக்குங்க. காலையிலேயே பார்த்தேன், டம்ளர்லேர்ந்து உங்க தலையணை வரைக்கும் எறும்பு ஊர்வலம்."

பளிச்சென்று இரண்டு உதறு உதறி என் வாயில் வைத்து, எடுத்துப் பார்த்தாள்.

"தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. எழுந்து உலை வைங்க."