அழுகையை அளந்த அப்பா

ஆராய்ச்சி அப்பா என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி காதில் விழுந்த நிமிடம் இந்த இனம் உருவாகிறது. பிரசவ வலி மனைவிக்கு. அதைப் பற்றிய சொற்பொழிவு இவருக்கு. பிறந்த குழந்தையின் மூக்கு யாருடைய ஜாடை என்று வீடே சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் செல்பேசியை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தை தொட்டிலில்தான் இருக்கிறது. ஆனால் குழந்தை வளர்ப்பு செல்பேசியில் அல்லவா இருக்கிறது?

தென் கொரியாவின் கோஜே தீவில் குடியிருக்கும் பங் சுங்-யொல் இந்த இனத்தில் முதல் ரகம். கப்பல் கட்டும் தளத்தில் தரப் பரிசோதகர். வெல்டிங் வைத்த இடத்தில் விளக்கடித்துப் பார்த்து இவர் உதட்டைப் பிதுக்கினால், பத்துப் பேர் செய்த வேலையைப் பிரித்துப் போட்டு மறுபடி செய்ய வேண்டும். கப்பல் எதிர்த்துப் பேசாது. அவருடைய மனைவி நா-கியோங்கும் கொஞ்ச நாள் பேசாமல்தான் இருந்தாள்.

ஏனென்றால் மனிதர் கெட்டவர் இல்லை. அலுவலக நண்பர்களின் குடி விருந்துகளை உதறிவிட்டு நேரே வீட்டுக்கு வருவார். பால் புட்டிகளைத் தானே கொதிக்க வைப்பார். ஆனால் கொதிக்க வைத்துக்கொண்டே பேசுவார். பிள்ளை பெற்றவளுக்கான கடற்பாசி சூப்பில் உப்பு ஆகாது என்றார்; குளிருக்காகச் சூடேற்றும் தரையின் சூட்டைக் குறை என்றார்; நா-கியோங்கின் அக்கா ஆசையாகத் தைத்துக் கொடுத்த, பிள்ளையை முதுகில் கட்டிச் சுமக்கும் முதுகுத் துணியை, அதன் இடுப்பு கோணிவிடும் என்று அலமாரியின் உச்சிக்கு அனுப்பினார். "விஞ்ஞானம் சொல்லுது" என்பார். விஞ்ஞானம் இவரிடம் மட்டும்தான் எதையும் சொல்லும் போலிருக்கிறது. பிள்ளை பெற்றவளிடம் அது ஒரு வார்த்தை பேசியதில்லை.

கடைசியில் அழுகைக்கு வந்தார். அழும் குழந்தையைத் தூக்கினால் அது நம்மைப் பழக்கிவிடும். தூக்காமல் விட்டால் நாம் அதைப் பழக்கிவிடலாம். இதுதான் புதிய சட்டம்.

"தா-சொல் அப்பா," என்று மகளின் பெயரால் அவரைக் கூப்பிடுவாள் நா-கியோங், "புள்ள அழுறா."

"அது அழுகை இல்ல. கோரிக்கை."

"சரி, என்ன கோரிக்கைன்னாவது கேட்டுட்டு வரேனே?"

"கேட்டா போச்சு! நாளைக்கு இன்னும் ரெண்டு சேர்த்து வைக்கும்."

தொழிற்சங்கத்தோடு பேச்சுவார்த்தை நடத்துகிறவர் போலக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எதிர்த்தரப்புத் தலைவிக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.

நா-கியோங் மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பாள். உள்ளே மகள் வீறிட, இங்கே அவள் மார்பில் பால் சுரந்து சட்டை நனையும். அழுது களைத்துக் குழந்தை ஓய்ந்ததும், "பாத்தியா?" என்பார் கணவர். அவள் எதைப் பார்ப்பாள்? குனிந்து சட்டையைப் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தம் சாதனையை உலகுக்குக் காட்ட, பிரிவுத் தலைவர் மா என்பவரையும் அவர் மனைவியையும் சாப்பிட அழைத்தார். பொரித்த கானாங்கெளுத்தி, கிம்ச்சி, சூடான சோறு. எல்லோரும் சாப்பாட்டுக் குச்சியைக் கையில் எடுத்ததும் உள்ளே தா-சொல் ஆரம்பித்தாள். முந்தின நாளிலிருந்தே சிணுங்கிக்கொண்டிருந்தவள்தான்.

"கவனிங்க சார், இது எதிர்ப்பு அழுகை. மொதல்ல ஏறும், அப்புறம் தானா எறங்கும்" என்று சுங்-யொல் விமான நிலைய அறிவிப்பாளர் போல விளக்கினார். அழுகை ஏறியது. இறங்கவில்லை. மா, மீனின் முள்ளை எடுப்பதில் மிகுந்த அக்கறை காட்டினார்.

அவர் மனைவிதான் பொறுக்கமாட்டாமல், "ஏம்மா, புள்ளைய ஒரு எட்டு பாத்துட்டு வாயேன்" என்றாள்.

நா-கியோங் எழுந்தாள்.

"உக்காரு. இத்தனை நாள் உழைப்பு வீணாயிடும்."

"வீணாகட்டும்."

"உணர்ச்சிவசப்படாத. விஞ்ஞானம்..."

"அந்த விஞ்ஞானத்துக்கு நீங்களே சோறு போடுங்க. என் புள்ள கூப்புடுது."

கதவைத் திறந்து தூக்கினாள். குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. தலையணையில் ஈரம், காதிலிருந்து மஞ்சளாய் ஏதோ வடிந்திருந்தது. நாற்காலியைப் போட்டு ஏறி, உச்சியிலிருந்த முதுகுத் துணியை இழுத்தாள். மகளை முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, விருந்தாளிகளுக்கு ஒரு கும்பிடுகூடப் போடாமல், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினாள்.

"அழுதா உடம்பு கொஞ்சம் சுடத்தான் செய்யும்" என்று சுங்-யொல் மாவிடம் சொன்னார்.

மா குச்சியைக் கீழே வைத்தார். "யோவ், ஓடுய்யா பின்னாடி."

அவசரப் பிரிவில் இருந்த பெண் மருத்துவர் காதைப் பார்த்தார். "உள்ள சீழ் கட்டி, சவ்வு கிழிஞ்சிருக்கு. தானா மூடிக்கும், காது கேக்கும், பயப்படாதீங்க. ஆனா ரொம்ப வலிச்சிருக்குமே! எப்போலேருந்து இப்படி அழுறா?"

நா-கியோங் தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தாள். எந்தக் கேள்விக்கும் கேட்கும் முன்பே பதில் வைத்திருந்த மனிதர் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு அழுதார். அது என்ன வகை அழுகை என்று யாரும் ஆராயவில்லை.

அங்கிருந்தே அவள் தொங்யொங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். தினமும் அவர் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். தினமும் அவள், "மருந்து போட்டாச்சு, தூங்குறா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள். மகளின் காது ஆறிய பிறகு, ஒரு பெட்டி பேரிக்காயோடு வந்து வாசலில் நின்றார்.

"ஆளப் பாரு, நல்லா இளைச்சுட்டாரு. உள்ள கூப்புடுடி" என்றாள் அக்கா.

நா-கியோங் வாசலை மறித்துக்கொண்டு கேட்டாள்: "இனிமே புள்ள அழுதா என்ன பண்ணுவீங்க?"

"தெரியல" என்றார் சுங்-யொல். "உன்ன கேப்பேன்."

அந்த 'தெரியல' என்ற ஒற்றை வார்த்தைக்காகத்தான் அவள் திரும்பிப் போனாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வராத வார்த்தை அது.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? வீட்டில், ஆமாம். மகள் முனகினாலே ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு, மனைவியின் முகத்தைப் பார்த்து நிற்கிறார். ஆனால் போன வாரம் கப்பல் தளத்து உணவுக் கூடத்தில், புதிதாய்த் தகப்பனான ஒரு வெல்டரைப் பிடித்து வைத்துக்கொண்டு, குழந்தையைக் கீழேயே விடக்கூடாது, முதுகிலேயே வளர்க்க வேண்டும், துணியை எந்த முடிச்சில் கட்ட வேண்டும் என்று சோறு ஆறும்வரை பாடம் நடத்தியிருக்கிறார். விஞ்ஞானம் கட்சி மாறிவிட்டதாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்தேன். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. போன மாதம் சொந்தக்காரர் வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போனீர்களே, அங்கே அதற்கு விக்கல் எடுத்தது. பெற்றவள் பக்கத்திலேயே இருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் யாரோ முந்திக்கொண்டு வைத்தியம் சொன்னார்கள்.

அந்தக் குரல் யாருடையது?