வேர்வை அண்ணை போட்ட ஒட்டு

திருகோணமலைத் துறைமுகத்தில் மூழ்கி எழுந்த எவனுடைய பேச்சையும் நம்பாத மனிதர் உலகத்தில் ஒருவர்தான். பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள், சம்பளப் பட்டியலிலும் அது இருந்திருக்கும். எங்களுக்கு அவர் வேர்வை அண்ணை.

ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே, கரையோரம் எங்கள் கம்பனியின் தகரக் கொட்டகை. கப்பல்களின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டுவது எங்கள் வேலை. அங்கே எண்ணெயும் சேறும் கலந்த தண்ணீர், சும்மா இறங்கினால் உடம்பெல்லாம் கடித்து அரிக்கும். அதனால் கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் உடுப்பு, டிரை சூட், போட்டுக்கொண்டுதான் இறங்குவோம். கடல் உள்ளே வராது என்பது உண்மைதான். ஆனால் சித்திரை வெயிலில் அதற்குள் புகுந்தவன் புழுங்கல் அரிசி படும் பாட்டைப் படுவான். எல்லோரும் நனைந்துதான் ஏறி வருவோம். எல்லோரும் உடுப்பு ஒழுகுது என்போம்.

"ஒழுக்கில்லை, வேர்வை" என்பார் அண்ணை, தலையைக்கூட நிமிர்த்தாமல். உடுப்புகளைப் பார்த்துச் சரி, பிழை சொல்வது அவர் பொறுப்பு.

கடலும் உப்பு, வேர்வையும் உப்பு. பிறகு எப்படிக் கண்டுபிடிப்பார்? நக்கிப் பார்க்கிறார் என்றொரு வதந்தி இருந்தது. அதைப் பரப்பியதில் எனக்கும் பங்குண்டு. உண்மையில் அவர் பார்த்தது உள்ளே போடும் பெனியனை. முதுகு, அக்குள், நெஞ்சு எல்லாம் ஒரேயளவாக நனைந்திருந்தால் வேர்வை. ஓரிடம் தொப்பலாகி, அங்கிருந்து கீழே கோடு இறங்கியிருந்தால் ஒழுக்கு. மறுத்துக் கதைப்பவனுக்கு முன்னால் பிரிட்ஜிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீரை எடுத்து வைப்பார். கொஞ்ச நேரத்தில் கிளாஸின் வெளிப்பக்கம் முத்துமுத்தாக நனையும்.

"கிளாஸ் ஒழுகுதோ, ஐசே? இதுக்கும் ஒட்டுப் போடவோ?"

உண்மையிலேயே சந்தேகம் வந்தால் பரிசோதனை. உடுப்பின் இரண்டு மணிக்கட்டிலும் சோடாப் போத்தலைச் செருகி, கழுத்தில் உரிக்காத தேங்காயை இறுக்கி, காற்றடித்து, சவர்க்கார நுரை பூசுவார். ஓட்டையிருந்தால் குமிழி வரும். ஒருநாள் கடிதம் கொண்டு வந்த தபால்காரர், மேசையில் வீங்கிக் கிடந்ததைக் கண்டு வாசலிலேயே தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"எப்ப நடந்தது?" என்று மெல்லக் கேட்டார்.

"காலமை பத்து மணிக்கு. கழுத்துப் பக்கம்தான் சந்தேகமாக் கிடக்கு" என்றார் அண்ணை, நுரை பூசிக்கொண்டே.

தபால்காரர் கையெழுத்து வாங்காமலே போய்விட்டார்.

மனேஜருக்கும் அவர் வளைந்து கொடுத்ததில்லை. கிழிந்த உடுப்பொன்றை நல்லது என்று எழுதச் சொன்னபோது, "ஏலாது, சேர். ஒழுகுது" என்று முகத்துக்கு நேரே சொன்னார். வேர்வையை ஒழுக்கு என்றோ, ஒழுக்கை வேர்வை என்றோ அந்த வாய் சொன்னதேயில்லை.

இனி என் கதை. ஒருநாள் கப்பலின் அடியில், என் இடுப்பில் கட்டிக் கரையிலிருந்து ஒருவர் பிடித்திருக்கும் கயிறு சுக்கானில் சிக்கிக்கொண்டது. கண்ணுக்கு முன்னால் பிடித்த கையே தெரியாத தண்ணீர். ஐந்து நிமிடம்தான், பிறகு விடுபட்டுவிட்டேன். ஆனால் அதற்குப் பின் இறங்கும்போதெல்லாம் உடுப்புக்குள் தண்ணீர் ஏறுவதுபோல் இருக்கும். வேலையைப் பாதியில் விட்டு மேலே வந்துவிடுவேன். பயம் என்று யாரிடம் சொல்வது? ஒழுகுது என்றேன். மூன்று தடவையும் அண்ணை "வேர்வை" என்றார்.

நாலாம் தடவை மனேஜர் வந்து நின்றார். "இதுவும் வேர்வையெண்டால் நீர் இனிக் கீழ போகத் தேவையில்லை. கரையில நிண்டு கயிறு பிடியும்."

அண்ணை பெனியனைப் பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார். ஏறி வந்து உடுப்பைக் கழற்றிய பிறகும் அவை கயிற்றை விடவில்லை.

"ஒழுகுது, சேர்."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"என்னட்டையோ கேக்கிறீங்கள்?" என்றார். மனேஜர் போய்விட்டார்.

இரண்டு நாள் உடுப்பை வைத்திருந்து, முதுகில், இடது தோளுக்குக் கீழே உள்ளங்கையளவு ஒட்டுப் போட்டுத் தந்தார். "இனி ஒரு சொட்டு வராது. வந்தால் என்ர பேரை மாத்துங்கோ." மாற்றுவதற்கு அந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் நம்பி இறங்கினேன், அன்றைய வேலையை முழுதாக முடித்தேன். ஏறி வந்தபோது பெனியனைப் பிழியலாம் போலிருந்தது. "வேர்வை" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

போன மாதம் அந்த உடுப்பைக் கழித்துவிட்டார்கள். ஒட்டை உரித்துப் பார்த்தேன். கீழே ஓட்டையே இல்லை. தேங்காய் வைத்துக் காற்றடித்தும் பார்த்துவிட்டேன். ஒரு குமிழியும் வரவில்லை. வேலையை விட்டுக் கந்தளாயில் மகளோடு இருக்கும் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, அதில ஓட்டை இல்லையே?"

"உடுப்பில இல்லை" என்றார். "உமக்குத்தான் எங்கயோ இருந்தது. எங்கயெண்டு எனக்குத் தெரியேல்லை, அதான் முதுகில போட்டனான்."

இப்படி ஒரு மனிதரைத்தான் இத்தனை வருடம் கேலி செய்திருக்கிறேன்.

புது உடுப்பு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பழைய ஒட்டை அதே இடத்தில் ஒட்டினேன். "புது உடுப்புக்கு என்னத்துக்கு ஒட்டு?" என்றார் மனேஜர்.

"அண்ணை இப்ப கரையில இல்லையே, சேர்" என்றேன்.