அரை விலைத் தோட்டா

பிக்கப் வண்டிக்கு கராஜில் இடமில்லை. அதன் இடத்தில், சுட்டுத் தீர்ந்த தோட்டாவில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் நிரப்பும் மெஷின் உட்கார்ந்திருந்தது.

"வண்டி கொஞ்ச நாள் வெளியில நிக்கட்டும். கடையில அம்பது தோட்டா பதினெட்டு டாலர். நாமளே செஞ்சா ஒன்பதுதான். பாதிக்குப் பாதி மிச்சம் ரொவீனா!" என்றார் லைல் பாப்காக்.

அவர் மனைவி ரொவீனா பள்ளியில் கணக்கு டீச்சர். "மெஷின் எவ்வளவு?"

"அறுநூறு."

"அப்ப மெஷின் காசை எடுக்கவே மூவாயிரத்துச் சொச்சம் தோட்டா சுடணும்."

"சுட்டாப் போச்சு!"

மாதம் ஒரு பெட்டி சுட்டுக்கொண்டிருந்த மனிதர், சிக்கனத்தை முன்னிட்டு வாரம் நாலு பெட்டி சுடத் தீர்மானித்தார்.

காலித் தோட்டாக்களைப் பளபளப்பாக்க ஒரு உருட்டு மெஷின் வந்தது. மருந்து ஈரமாகிவிடுமென்று கராஜுக்கு ஹீட்டர் வந்தது. ஐடஹோ வானம் மட்டும் சும்மா இருக்குமா? ஆலங்கட்டி மழையை அனுப்பி, வெளியே நின்ற வண்டியின் முன் கண்ணாடியை உடைத்தது.

"அதைத் தோட்டாக் கணக்குல சேர்க்காதே" என்றார் லைல். "அது இயற்கைச் சீற்றம்."

முதல் தயாரிப்போடு சுடும் மைதானத்துக்குப் போனார். கூடவே ரொவீனாவின் தம்பி ஆர்வில். அவன் சோம்பேறி; கடையில் வாங்கியே சுடுகிறவன்.

லைல் குறிபார்த்து விசையை அழுத்தினார். 'புஸ்' என்றது. குண்டு குழாய்க்குள்ளேயே சிக்கிக்கொண்டது.

"என்ன மச்சான், துப்பாக்கிக்கு வாயுக்கோளாறா?" என்றான் ஆர்வில்.

ரிப்பேருக்கு நூற்று நாற்பது டாலர். ரொவீனாவுக்கு முகமே வெளுத்துவிட்டது.

"இன்னொன்னு சுட்டிருந்தா வெடிச்சிருக்குமாமே! விரல் போனா அதையும் வீட்டுலயே செஞ்சுக்குவியா?"

"மருந்தை நிறுக்குற தராசுதான் கோளாறு. நல்ல தராசா ஒண்ணு வாங்கினா எல்லாம் சரியாயிடும்."

வாங்கினார். என்ன ஆச்சரியம், எல்லாம் சரியாகிவிட்டது! அன்று முதல் ஒரு தோட்டாகூடப் பிசகவில்லை. ஒவ்வொன்றும் பொன்னாக மின்னியது. ரொவீனாகூட மனம் மாறி, மைதானத்துக்குத் தோட்டா டப்பாவைத் தன் கையாலேயே எடுத்து வைத்தாள். லைலுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

இலையுதிர்காலப் போட்டியில் ஆர்விலைத் தோற்கடித்து முதல் பரிசு வாங்கினார்.

"கடைத் தோட்டா எல்லாம் குப்பை! எதுக்கும் ஒரு கைப்பக்குவம் வேணும்" என்று மேடையில் முழங்கினார். எல்லாரையும்விட பலமாகக் கைதட்டியவள் ரொவீனா.

மறுநாள் காலை வெடிமருந்து வாங்கப் பக்கத்து ஊர்க் கடைக்குப் போனார். வழக்கமாக மனைவிதான் அங்கே போய் வாங்கி வருவாள். அவருக்கு இதுதான் முதல் தடவை. கல்லாவில் பில் போடுவதிலேயே குறியாக நின்ற பெண்ணிடமும் கைப்பக்குவம் பற்றிக் கால்மணி நேரம் வகுப்பெடுத்துவிட்டு கிரெடிட் கார்டை நீட்டினார்.

அவள் அதிலிருந்த பெயரைப் படித்தாள். முகம் மலர்ந்தது.

"பாப்காக்கா? ரொவீனா மேடம் அனுப்பினாங்களா? வீட்டுல ஒருத்தர் செஞ்சு வைக்கிறாராமே, அந்தத் தோட்டாவைக் குடுங்க சார், எப்பவும்போல அழிச்சுட்டு அதே டப்பாவுல கடைத் தோட்டாவைப் போட்டுத் தரேன். பாவம், அந்த ஆளுக்கு மட்டும் தெரியக் கூடாதாம்!"