யாருக்கும் அடங்காத பாதி ஓர்க்

இனிமேல் யாருக்கும் அடங்குவதில்லை என்று கண்ணாடிக்கடைக்காரர் முடிவு செய்தார். வீட்டில் அல்ல, அதற்குக் காலம் கடந்துவிட்டது. ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் நடக்கும் பகடை விளையாட்டில்.

கதையை நடத்துகிறவள் அவர் மனைவி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் நடமாடுவார்கள். நினைத்தது நடக்குமா, சந்தேகப்பட்டது சரியா என்பதைப் பகடைதான் சொல்லும். இதுவரை வைத்தியராக இருந்து எல்லோருக்கும் கட்டுப் போட்டவர், இந்த வாரம் புதிதாக ஒருவனை எழுதிக்கொண்டு வந்தார். ஏழடி உயரம், பச்சைத் தோல், உதட்டுக்கு வெளியே இரண்டு கோரைப்பல், கையில் கோடரி.

“ஓர்க்குன்னா முரட்டு ராட்சச இனம்,” என்று கூட ஆடும் மருந்துக்கடைக்காரருக்கு விளக்கினார். “இவனுக்கு அப்பா ஓர்க், அம்மா மனுஷி. பாதிக்குப் பாதி.”

மனைவி காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். “அந்த மனுஷப் பாதியைத்தான் நான் வீட்டுல வெச்சிருக்கேனா?”

எதிர்வீட்டு பிளம்பருக்குத் தேநீர் புரையேறியது. கண்ணாடிக்கடைக்காரர் தாடையை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. மலையடிவாரம். டிராகன் குகை.

“நான் தனியாத்தான் போவேன். எவனும் கூட வரக்கூடாது!”

“கொஞ்சம் நில்லுங்க,” என்றாள் மனைவி. “வழியில ஒரு பொம்பளை நிக்கிறா.”

“யாரு?”

“உங்க பொண்டாட்டி.”

“இவனுக்கு ஏது பொண்டாட்டி?”

“உங்க காகிதத்துல குடும்பம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுதியிருக்கீங்க?”

“ஒண்ணும் எழுதல. வேணும்னேதான் விட்டேன்.”

“காலியா விட்டா, கதை நடத்துறவங்க நிரப்பிக்கலாம்.”

“அப்படித்தாண்ணே சட்டம்,” என்றார் பிளம்பர், மேசையைப் பார்த்துக்கொண்டு.

“சரி, அவளுக்கு என்ன வேணுமாம்?”

“கோடரியைக் கொடுங்க, நான் முன்னால போறேங்கிறா. பிடிச்சு இழுக்கிறா.”

“முடியாது! எதிர்த்து உருட்டுறேன்.”

பகடையை உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, உருட்டினார். இருபது. அந்தப் பகடையில் அதற்கு மேல் எண் கிடையாது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டார். பதினெட்டு வருடத் தாம்பத்தியத்தில் முதல் வெற்றி.

“எதிர்த்துட்டீங்க,” என்றாள் மனைவி அமைதியாக. “நீங்க போட்ட சத்தத்துல மலையே ஆடிப்போச்சு. கோடரியை விட்டுட்டா. பாறை மேல உட்கார்ந்து, முகத்தை மூடிக்கிட்டு அழறா.”



“தோல் பச்சைன்னா நெஞ்சும் கல்லா சார்?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“பாவம்ணே அது,” என்றார் பிளம்பர்.

ஏழடி ராட்சசன் அரை நிமிடம் தாங்கினான்.

“அழ வேண்டாம்னு சொல்லு. இந்தா, கோடரி. அவளே முன்னால போகட்டும், நான் பின்னால வர்றேன்.”

சொன்னதும் அவருக்கே மனசு லேசாகிவிட்டது. மலையை நடுங்க வைப்பதைவிட இது கைக்குப் பழகிய வேலை. நிம்மதியாக உட்கார்ந்து, தன் தேநீரை இழுத்துக்கொண்டார்.

“கண்ணைத் துடைச்சுக்கிட்டாளா?”

“துடைக்க என்ன இருக்கு?” மனைவி குகையின் வரைபடத்தை விரித்தாள். “அழுகை நிஜமா, பொய்யான்னு நீங்க உருட்டிப் பார்க்கவே இல்லையே!”